கிணற்று உறையில் குளத்துத் தாமரை

பூக்காத தாமரைக்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மீன் கழுவிய தண்ணீர், எலும்புத் தூள், கடலைப் புண்ணாக்கு, டி.ஏ.பி. உரம் என்று பட்டியல் நீளும். இவற்றில் பாதியைக் கொடுத்துப் பார்த்த பிறகுதான், என் வீட்டுத் தாமரைக்குக் குறைந்தது சத்து இல்லை, வெயில் என்பது பிடிபட்டது. வீட்டின் வடக்குப் பக்கத்தில் இருந்ததைத் தெற்குப் பக்கத்துக்கு மாற்றியதும் காரியம் முடிந்தது. சொல்ல எளிதாக இருக்கிறது. மாற்ற வேண்டியது கால் டன் சேறு என்பதால் செய்வதற்கு அத்தனை எளிதாக இல்லை. யாராவது முதலிலேயே சரியான பக்கத்தில் தொடங்கட்டும் என்றுதான் அளவு, செலவு எல்லாவற்றோடும் இதை எழுதுகிறேன்.

வீடு நாகர்கோவிலுக்கு வடக்கே இறச்சகுளம் பக்கம். சுற்றிலும் வயலும் குளமும். குமரி மாவட்டத்தில் தாமரையைத் தேடி அலைய வேண்டியதில்லை. குத்தகைக்கு எடுத்த குளங்களில் பறித்து, தோவாளைச் சந்தையில் எண்ணக் கணக்கில் விற்கிறார்கள். தேரூர்க் குளத்தில் இலைமேல் இலைக்கோழி நடக்கும் அளவுக்கு அடர்ந்து கிடக்கும். இத்தனை இருந்தும் வீட்டில் வளர்க்க ஆசைப்பட்டதற்குக் காரணம், வெள்ளிக்கிழமை விளக்குக்கு ஒரு பூ வேண்டும் என்று அம்மா கேட்டது. ஓணம், சரசுவதி பூஜைப் பருவத்தில் சந்தை விலையைப் பார்த்துவிட்டு, இதை வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது.

தொடக்கம் விதையில். நாட்டு மருந்துக் கடையில் கருப்பு ஓட்டோடு கிடைக்கும் தாமரை விதை போதும். தோல் உரித்து வெள்ளைப் பருப்பாக விற்பது முளைக்காது. ஓடு கல் மாதிரி இருக்கும். சீனாவில் ஒரு பழைய ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதை சுமார் 1,300 ஆண்டுகளுக்குப் பிறகும் முளைத்தது என்றால், அந்த ஓட்டின் பெருமையால்தான். தண்ணீர் உள்ளே போக வழி செய்யாவிட்டால் விதை அப்படியே கிடக்கும். கூர்முனையைத் தொடாமல், குழி விழுந்த மறுமுனையைச் சொரசொரப்பான கருங்கல்லில் தேய்க்க வேண்டும். கருப்பு போய், பழுப்பு போய், உள்ளே வெளிறிய பருப்பு ஊசிமுனை அளவுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்த விதைகள் தண்ணீரில் ஊறிக் கலங்கி நாறின.

சரியாகத் தேய்த்தவை ஒரு வாரத்துக்குள் வாய் பிளந்து பச்சை முளையை விட்டன. தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். வேர் வருவதற்கு முன்பே இலை வருகிறது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், வேர் பின்னால் வரும். கண்ணாடி டம்ளரில் காசு அளவு இலை மிதப்பதைப் பார்க்கக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். அந்தக் கொண்டாட்டத்தோடு விதை வேலை முடிந்தது என்றே சொல்லலாம். நாற்று வாளியில் மாதக்கணக்கில் மிதக்கும் இலைகளையே விட்டுக்கொண்டிருந்தது. விதையிலிருந்து வரும் செடி பூக்க ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம்; தாய்ச் செடியின் நிறமே வரும் என்ற உறுதியும் கிடையாது. பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் விதை.

அடுத்து இணையத்தில் ஒரு கிழங்கு வாங்கினேன். தொட்டிக்கு ஏற்ற குட்டை வகை என்று படம் போட்டிருந்தார்கள். 350 ரூபாய். ஈரப் பஞ்சில் சுற்றி வந்த கிழங்கு விரல்நுனி அளவுதான் இருந்தது. நட்டு, முதல் இலை விரிந்தபோது விளிம்பிலிருந்து காம்பு வரை ஒரு வெட்டு. வெட்டு இருந்தால் அது அல்லி. தாமரை இலை முழு வட்டம், காம்பு நடுவில் குடைக்கம்பி போல் சேரும். அல்லியும் அழகுதான், நான் கேட்டது அது இல்லை. படம் பார்த்து வாங்குகிறவர்கள் கணுவும் கூர்முளையும் தெரிகிற கிழங்கின் படத்தை அனுப்பச் சொல்லி வாங்குங்கள். தாமரைக் கிழங்கு கணுக்கணுவாக நீண்டிருக்கும். உருண்டையாகவோ குட்டைக் கட்டையாகவோ இருந்தால் சந்தேகப்படலாம்.

கடைசியில் போய்ச் சேர்ந்த இடம், பக்கத்துக் குளத்தைக் குத்தகை எடுத்திருக்கும் பெரியவரிடம். டயர் டியூபில் மிதந்தபடி பூப் பறிப்பவர். வாளியில் வளர்க்கக் கொஞ்சம் கிழங்கு வேண்டும் என்றதும் சிரித்தார்.

"குளத்துத் தாமரை வாளியில் நிற்காது மக்களே. அது ஓடுகிற சாதி. ஓட இடம் இல்லை என்றால் இலையைக் காட்டி ஏமாற்றிக்கொண்டே இருக்கும்."

"எவ்வளவு இடம் வேண்டும் அண்ணாச்சி?"

அவர் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து என் கையை விரித்து நாடாவால் அளந்ததில் ஐந்தரை அடி. அத்தனை பெரிய தொட்டிக்கு முற்றத்தில் இடம் இல்லை. மூன்று அடி விட்டத்தில் முயன்று பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். இப்போது சொல்கிறேன், நாட்டுத் தாமரைக்கு அது குறைந்தபட்ச அளவு. அதற்குக் கீழே போனால் குட்டை வகைகளைத்தான் தேட வேண்டும்.

மூன்று அடி விட்டத்தில் வட்டமான, மூலை இல்லாத தொட்டி என்றால் கிணற்றுக்கு இறக்கும் சிமெண்ட் உறைதான் மலிவு. வட்டமாக இருப்பது முக்கியம். சதுரத் தொட்டியின் மூலையில் ஓடும் கிழங்கின் முளை முட்டி முறிந்துவிடும். வட்டத்தில் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றி வரும். ஒன்றரை அடி உயர உறை 950 ரூபாய். அதை வீட்டில் கொண்டு இறக்க லோடு ஆட்டோவுக்கு 400. வடக்கு முற்றத்தில் தரையைத் தட்டிச் சமன் செய்து, பழைய பிளாஸ்டிக் சாக்கை விரித்து, அதன்மேல் உறையை நிறுத்தினோம். உள்ளே இரண்டு அங்குலக் கனத்துக்குச் சிறு ஜல்லிக் கலவை போட்டு அடித்தளம். தளமும் சுவரும் சேரும் விளிம்பில்தான் கசியும் என்று கொத்தனார் சொல்லி, அங்கே மட்டும் நீர்க்கசிவுத் தடுப்புப் பொடி கலந்த சாந்தை இரண்டு விரல் அகலத்துக்குச் சாய்வாக இழுத்துவிட்டார். அரை நாள் கூலி 500. சிமெண்ட், எம்.சாண்ட், ஜல்லி, பொடி எல்லாம் சேர்த்து 250.

புதுச் சிமெண்டின் காரம் இறங்காமல் செடியோ மீனோ விடக்கூடாது. தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டை நறுக்கிப் போட்டு ஊற விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கொல்லையில் குலை வெட்டிய மட்டி வாழை ஒன்று நின்றது. அதன் தண்டைத் துண்டு போட்டு ஒரு வாரம் வைத்தேன். தண்ணீர் பழுப்பாகி நாறும். கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி, மறுபடி ஒரு வாரம். இந்த இடைவெளியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் மட்டத்தில் உறையின் உள்பக்கம் கரிக்கோடு போட்டு வைத்தேன். வெயிலில் வற்றுவதையும் கசிவையும் பிரித்தறிய, பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு. இரண்டும் ஒரே அளவு இறங்கினால் கசிவு இல்லை. எங்களுடையதில் உறை கொஞ்சம் கூடுதலாக இறங்கியது. விளிம்பில் ஓர் இடத்தில் மயிரிழை விரிசல். காயவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சிமெண்ட் பாலை இரண்டு முறை பூசியதும் நின்றது.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நர்சரியில் விற்கும் தொட்டிக் கலவை இதற்கு உதவாது. தேங்காய் நார்க்கழிவு எல்லாம் மேலே மிதந்து வரும். வேண்டியது வயல் களிமண். எங்கள் பக்கத்தில் கும்பப்பூ நெல் அறுவடை மாசியில் முடியும். அறுத்த வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும் அந்தச் சில வாரங்கள்தான் மண் எடுக்க நேரம். தெரிந்தவரின் வயலில், அவர் வரப்பைச் சீர்செய்ய வெட்டிப் போட்ட கட்டிகளையே அள்ளிக்கொள்ளச் சொன்னார். மண் இலவசம், கொண்டுவர 300 ரூபாய். ஒன்பது அங்குல ஆழத்துக்கு மூன்றடி உறையில் சுமார் 150 லிட்டர் மண் பிடிக்கிறது. ஈரமானதும் அது கால் டன்.

கட்டிகளை உலர்த்தி, மண்வெட்டிப் பின்புறத்தால் உடைத்து, கோரைக் கிழங்கையும் வேர்களையும் பொறுக்கி எடுத்தேன். கோரையை விட்டுவிட்டால் பின்னால் தாமரையைவிட அது செழிக்கும். அடியில் ஓர் ஆண்டு மட்கிய சாணம் ஒரு சட்டி, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அதற்கு மேல் முழுக்கக் களிமண். புதுச் சாணம் கூடவே கூடாது. தண்ணீருக்கடியில் புளித்து, குமிழி விட்டு, முளையை அழுக வைத்துவிடும். தண்ணீர் விட்டு மிதித்துக் குழைத்து, இரண்டு நாள் படிய விட்டேன்.

பெரியவர் கொடுத்தனுப்பிய கிழங்குக்கு 200 ரூபாய் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தது. மூன்று கணு, இரண்டு முளை. முளை ஒடிந்தால் கிழங்கு இருந்தும் பயன் இல்லை, அதனால் ஈரத் துணியில் சுற்றி மடியில் வைத்தே கொண்டுவந்தேன். உறைச் சுவரை ஒட்டிச் சேற்றில் கையால் ஓர் ஓடை கிழித்து, கிழங்கைச் சாய்வாகப் படுக்க வைத்து, முளை மட்டும் வெளியே தெரியும்படி இரண்டு அங்குலச் சேற்றால் மூட வேண்டும். உள்ளே காற்றறைகள் இருப்பதால் கிழங்கு மிதக்கப் பார்க்கும். மேலே ஒரு ஓட்டுத் துண்டை வைத்தேன். தண்ணீர் முதலில் இரண்டு அங்குலம் போதும். ஆழம் குறைவாக இருந்தால் சேறு சூடாகும், முளை சீக்கிரம் கிளம்பும். இலை உயர உயரத் தண்ணீரை ஏற்றி ஐந்து அங்குலத்தில் நிறுத்தினேன்.

பங்குனி வெயிலில் எல்லாம் வேகமாக நடந்தது. முதலில் உள்ளங்கை அளவில் மிதக்கும் இலைகள். பிறகு ஒரு நாள், இரண்டு பக்கமும் சுருட்டிய ஓலை போலத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும் இலை. இந்த நிமிர்ந்த இலை வரும்வரை உரம் போடக்கூடாது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள், நானும் மீறவில்லை. அது வந்த பிறகு, ஒரு தேக்கரண்டி டி.ஏ.பி.யைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டி, சுவரோரமாக நான்கு இடத்தில், கை மணிக்கட்டு மறையும் ஆழத்தில் புதைத்தேன். தண்ணீரில் தூவினால் தாமரைக்குப் போகாது, பாசிக்குப் போகும். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை இதுவே போதுமானது.

கொசுவுக்குக் கப்பி மீன். பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு வாங்கி விட்டேன். ஒரு மாதத்தில் எண்ண முடியாத அளவுக்குப் பெருகின. டெங்கு தடுப்புக்காக வீடு வீடாக வந்து தேங்கிய தண்ணீரைப் பார்க்கும் பணியாளர்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மீன் இருப்பதால் விட்டுவிட்டார்கள். மீன் பெருகுகிறதே என்று குளத்திலோ கால்வாயிலோ கொண்டுபோய் விடாதீர்கள். அது இந்த ஊர் மீன் இல்லை. மொட்டுக் காம்பில் கருப்பாக அசுவினி அப்பும்போது, மருந்தோ சோப்புக் கரைசலோ அடித்தால் மீன் செத்துவிடும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் பூச்சி தண்ணீரில் விழும், மீன் பார்த்துக்கொள்ளும். காய்ந்த இலையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வெட்ட வேண்டும். காம்பு குழலாக இருப்பதால், கீழே வெட்டினால் அதன் வழியே தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகக்கூடும்.

முதல் பூ வைகாசியில் வந்தது. நிமிர்ந்த இலையோடு இலையாக ஒரு மொட்டு ஏறும். முதல் நாள் காலை கொஞ்சமாகத் திறந்து மூடும், இரண்டாம் நாள் முழுக்க விரிந்து மணக்கும், மூன்றாம் நாள் நிறம் வெளுக்கும், அடுத்த நாள் இதழ் உதிரும். உச்சிப்பொழுதுக்குள் மூடிக்கொள்வதால், காலையில் வேலைக்கு ஓடுகிறவர்கள் எட்டு மணிக்கு முன்பே பார்த்தால்தான் உண்டு. விளக்குக்குப் பறிப்பதென்றால் முதல் நாள் மொட்டைத்தான் பறிக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. விரிந்த பூ கைக்கு வருவதற்குள் இதழைக் கொட்டிவிடும்.

ஆனியில் சாரல் பிடித்ததும் மொட்டு குறைந்தது. நாள் கணக்கில் மேகம் மூடிக்கிடந்தால், விரல் அளவு மொட்டு வரும், பழுத்துத் தலை சாயும். இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. இரண்டு பருவமழையும் கிடைக்கிற மாவட்டத்தில் இருப்பதற்கு நாம் கொடுக்கும் விலை. காற்றுக்கு மட்டும் ஒரு வழி செய்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாயை நோக்கி ஓடும் ஆடிக் காற்று, மூன்றடி உயர இலைகளைக் காம்போடு மடக்கிப் போட்டது. மேற்குப் பக்கம், உறையிலிருந்து நான்கு அடி தள்ளி, இரண்டு கம்பு நட்டு மூன்றடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலை கட்டினேன். முதலில் தகரம் வைத்துப் பார்த்தேன். அது காற்றை நிறுத்தவில்லை, மேலேற்றி அந்தப் பக்கம் சுழல விட்டது. வலை காற்றை வடிகட்டி அனுப்புகிறது. ஆவணியில் வெயில் திரும்பியதும் செடி மறுபடி பூத்தது.

சிக்கல் ஐப்பசியில் தொடங்கியது. புது இலைகள் சிறுத்தன. மொட்டு வரவே இல்லை. மழைக்காலம்தானே என்று விட்டிருக்கலாம், ஆனால் மழை விட்டு நல்ல வெயில் அடித்த வாரங்களிலும் அதே கதை. உரம் தீர்ந்திருக்கும் என்று டி.ஏ.பி. பொட்டலத்தை இரட்டிப்பாக்கினேன். இலை விளிம்பு கருகியது, தண்ணீர் பச்சைக் குழம்பானது, மீன்கள் மேலே வந்து வாய் திறந்தன. பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு மீனைக் காப்பாற்றினேன். கார்த்திகை முடிவதற்குள் நின்றிருந்தது இரண்டு இலை.

உறையின் வெளிச்சுவரில் சுற்றிலும் ஈரப்பாசி ஏறியிருந்ததுதான் முதல் துப்பு. வெயில் படுகிற சுவரில் பாசி இப்படிப் பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்புக் கட்டியோடு முற்றத்தில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு முறை வீட்டின் நிழல் விளிம்பைத் தரையில் கோடு போட்டேன். காலை முதல் மாலை வரை உறை நிழலைவிட்டு வெளியே வரவே இல்லை. பங்குனியில் கண் கூசும் வெயில் அடித்த அதே இடம்.

நம் ஊர் ஏறத்தாழ 8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சூரியன் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நேர் தலைக்கு மேல் வந்து, அதன் பிறகு வடக்கே போய், ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தலைக்கு மேல் வந்து, தெற்கே இறங்குகிறது. ஒரு மீட்டர் கம்பை நட்டு உச்சிவெயிலில் நிழலை அளந்தால் கணக்கு விளங்கும். நமக்கு உச்சி 12 மணிக்கு இல்லை, 12.20-ஐ ஒட்டி. டிசம்பர் கடைசியில் நிழல் வடக்கே 61 சென்டிமீட்டர், மார்ச் 21-ஐ ஒட்டி வடக்கே 14, ஜூன் கடைசியில் தெற்கே 27. இதை வீட்டுக்குப் பெருக்கினால் போதும். கைப்பிடிச் சுவரோடு சேர்த்து எங்கள் மாடி வீட்டின் உயரம் 23 அடி. வடக்குப் பக்கம் டிசம்பரில் 14 அடி தூரத்துக்கு நிழல் விழும். மார்ச்சில் மூன்று அடி சொச்சம். உறை நின்றதோ சுவரிலிருந்து 8 அடியில். ஐப்பசி முதல் வாரத்தில் நிழல் அதைத் தொட்டு, மாசி முதல் வாரத்தில்தான் விடும். வெயில் பார்த்து வைத்தேன் என்று நான் நினைத்தது மார்ச் மாத வெயிலை. அந்த மாதம் வடக்கு முற்றம் யாரையும் நம்ப வைக்கும்.

தையில் உறையை இறைத்துத் தோண்டினேன். மண்வெட்டியைத் தொடக்கூடாது, கிழங்கு ஒடிந்தால் குழல்களில் சேறு புகுந்து அழுகும். குழாய்த் தண்ணீரைச் சேற்றில் பாய்ச்சி, விரலால் தடவித் தடவி எடுக்க ஒரு பகல் போனது, இடுப்பும் போனது. மேலே செத்துப்போனது போலத் தெரிந்த செடி, அடியில் தளத்தை ஒட்டி, உறையைச் சுற்றி வளையமாகக் கிழங்கு வைத்திருந்தது. பகல் குறையும் பருவத்தில் தாமரை அடியில்தான் சேமிக்கும். இலை காய்ந்துவிட்டது என்று மார்கழியில் தூக்கி எறிகிறவர்கள், எறிவதற்கு முன் சேற்றுக்குள் ஒருமுறை கையை விட்டுப் பார்க்கலாம். எடுத்ததில் முளை நன்றாக இருந்த நான்கு துண்டுகளைத் தண்ணீர் நிறைந்த சருவத்தில் போட்டு நிழலில் வைத்தேன். ஒன்று எனக்கு, மற்றவை கேட்டவர்களுக்கு. முளை ஒடிந்தவற்றை அம்மா வட்டமாக நறுக்கி, மோரில் ஊறப்போட்டு வற்றல் போட்டுவிட்டார்.

இரண்டாவது உறை தெற்கு முற்றத்துக்கு. பழைய உறையைப் பெயர்த்து நகர்த்தலாம் என்றால், தளத்தோடு ஒட்டிய அதை உருட்ட முடியாது, தூக்க நான்கு ஆள் கூலி புது உறையின் விலைக்கு மேல் ஆகும். தெற்கிலும் கண்ணை மூடிக்கொண்டு வைக்க முடியவில்லை. முற்றத்தின் அகலம் 12 அடி. ஜூனில் வீட்டின் நிழல் தெற்கே ஆறு அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக விழும். டிசம்பரில் ஐந்தடி மதில் சுவரின் நிழல் வடக்கே மூன்று அடிக்கு ஏறும். இரண்டுக்கும் நடுவே மிஞ்சும் பட்டை மூன்றடி உறைக்குச் சரியாகப் போதாது. வீட்டுச் சுவரிலிருந்து உறையின் நடுப்புள்ளி 8 அடி வரும்படி வைத்தேன்; டிசம்பரில் தெற்கு விளிம்பில் அரை அடி நிழலில் போகும், போகட்டும். கிழக்கே பக்கத்து வீட்டுத் தென்னைகளால் காலை ஒன்பது வரை வெயில் துண்டு துண்டாகத்தான் வரும். அதன் பிறகு மூன்றரை வரை தடை இல்லை. ஆறு மணி நேர வெயில் தாமரைக்குத் தேவை என்பார்கள், அது கிடைக்கிறது.

அதே வயல் மண், அதே அளவு சாணம், அதே குளத்துக் கிழங்கு. பங்குனியில் நட்டேன், வைகாசியில் பூத்தது. அதுவரைக்கும் முதல் ஆண்டைப் போலத்தான். ஐப்பசிக்குப் பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. மழை விட்ட இடைவெளிகளில் எல்லாம் மொட்டு ஏறியது. மார்கழியில் இலை சிறுத்தாலும் நிமிர்ந்த இலைகள் நின்றன. டி.ஏ.பி.யை ஐப்பசியோடு நிறுத்திவிட்டேன், அதனால் ஒரு குறையும் வரவில்லை.

செலவுக் கணக்கு, ஓர் உறைக்கு: உறையும் ஏற்றுக்கூலியும் 1,350, தளப் பொருள் 250, கொத்தனார் 500, மண் கொண்டுவர 300, கிழங்கு 200, சாணம், புண்ணாக்கு, டி.ஏ.பி. எல்லாம் சேர்த்து 100. ஆக 2,700 ரூபாய். இரண்டாவது உறையில் தளத்தை நானே போட்டதால் கூலி மிச்சம். விளிம்புச் சாந்தை மட்டும் அவசரப்பட்டு ஒரே பூச்சாகப் போட்டதில் மறுபடி கசிந்து, மறுபடி பூச வேண்டியிருந்தது. பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோடையில் மூன்று நான்கு நாளுக்கு ஓர் அங்குலம் தண்ணீர் இறங்கும், அதை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். மயில்கள் தண்ணீர் குடிக்க வந்து இலையைக் கொத்திப் பார்ப்பதுண்டு. விரட்டினால் போய்விடும், விரட்ட ஆள் இல்லாத மதியத்தில் திரும்பி வரும்.

மூன்றாவதாக ஒன்று செய்தால், தளம் போடும்போதே ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயைச் சுவரோடு தளம் சேரும் இடத்தில் பதித்து, வெளியே மூடி போடுவேன். தையில் 80 லிட்டர் தண்ணீரைச் சருவத்தால் மொண்டு ஊற்றும் வேலை மிச்சமாகும். குழாயின் உள்வாயில் சல்லடைத் துண்டு வைக்காவிட்டால் சேறும் மீன்குஞ்சும் சேர்ந்தே போகும். உறையின் உயரத்தையும் இரண்டு அடியாக்குவேன். ஒன்றரை அடியில் பெருமழைக்குத் தண்ணீர் வழிந்து, கப்பிகள் முற்றத்தில் துள்ளுகின்றன. வடக்கு உறை வீணாகவில்லை. அதே சேற்றில் சேம்பு நட்டிருக்கிறோம். அரை நிழலும் ஈரமும் அதற்குப் போதும், வெயில் வேண்டும் என்று அடம் பிடிப்பதில்லை.